ஓர் அறை, ஒரு விளக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தில் என் கணவருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் வாட் வாத்தியார், பல்பில் எழுதியிருக்குமே அந்த வாட். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன் சுவிட்சுப் பலகையைத்தான் பார்ப்பார். பட்டப்பகலில் எரிகிற விளக்கைக் கண்டால் சட்டைப் பையில் ஓட்டை விழுந்த மாதிரி முகம் வாடிவிடும். சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிற ஆளுக்கு அது அழகுதான். ஆனால் நான் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து குளியலறை விளக்கை அணைத்துவிட்டுப் போகிற மனிதரோடு இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறவள் நான். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க எனக்குக் கூடுதல் உரிமை உண்டு.

நானும் அதே பல்கலைக்கழகம்தான். கால அட்டவணைப் பிரிவு. எந்த வகுப்பு எந்த அறையில் எந்த நேரத்தில் என்று முடிவு செய்து, பிறகு அதை மாற்றச் சொல்லி வருகிறவர்களோடு நாள் முழுக்கச் சண்டை போடுவது என் வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்வார்கள். அந்த நாற்காலியில் வேறு யாரையாவது ஒரு வாரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

போன வருடம் அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஏழு மாடி கிழக்குக் கட்டடத்தைப் புதன், வியாழன் இரண்டு நாளும் இழுத்துப் பூட்டிவிடுவது. விளக்கு, லிஃப்ட், ஏசி எல்லாம் ஓய்வு. அந்த இரண்டு நாளும் அங்கிருக்கும் எல்லாருக்கும் வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து வகுப்பு. மற்ற நாட்களில் பாதி மாணவர்கள் வகுப்பு ஹாலுக்கு வருவார்கள், பாதிப் பேர் வீட்டிலிருந்து திரை வழியாகச் சேர்வார்கள்; அவர்களுக்கு லிங்க் அனுப்புவது என் பிரிவின் வேலை. கூட்டத்தில் எல்லாரும் சரி சரி என்று எழுந்திருக்கும் நேரத்தில் இவர் கையை உயர்த்தி, “கட்டடத்துல மிச்சம் பிடிச்சதை வீட்டுல செலவு பண்ணினா அது மிச்சமா? இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்” என்றாராம். அதனால் இன்னொரு விதியும் சேர்ந்தது. ஒரே வீட்டில் இரண்டு ஊழியர்கள் இருந்தால் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ‘ஓர் அறை, ஒரு விளக்கு’ என்று அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். கைதட்டல் எல்லாம் கிடைத்தது.

முதல் புதன்கிழமை காலையிலேயே நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, ஒயர் இழுத்து, அவருடைய பேனாக் குவளையைக்கூட எடுத்து வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் அவர் பேச்சு தேய்ந்து தேய்ந்து ‘ம்’ என்ற ஒற்றை எழுத்தில் வந்து நின்றிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தாலாவது நாலு வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

அவர் வந்தார். மேசையைப் பார்த்தார். பேனாக் குவளையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார்.

“எங்க போறீங்க?” என்றேன்.

“வகுப்பு நடத்தறது உனக்குத் தொந்தரவா இருக்கும்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊருக்குத்தான் உபதேசம். இரண்டு அறை, இரண்டு விளக்கு, இரண்டு விசிறி. திட்டத்தை எழுதியவர் வீட்டிலேயே திட்டம் படுத்துவிட்டது. எனக்கு விளக்கு எரிவதில் வருத்தமில்லை. என்னோடு ஓர் அறையில் உட்கார முடியாது என்று அந்தக் கதவு சொன்னதில்தான் வருத்தம்.

அதைவிடக் கொடுமை, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அருவி மாதிரி கொட்டினார். என்னிடம் ‘ம்’ போடுகிற ஆள் அங்கே கதை சொன்னார், கேள்வி கேட்டார், கிண்டல் செய்தார். மாணவர்களின் குரலும் சுவரைத் தாண்டி ஒன்றுவிடாமல் கேட்கும், அவ்வளவு சத்தமாக வைத்திருப்பார். ஹாலில் எப்போதும் பின்னால் உட்காருகிற ஒரு பையன், வீட்டிலிருந்து சேர்ந்தாலும் திரையில் அவன் கட்டம் கடைசியில்தான் வரும், அவனைக் கடைசி வரிசை என்று கூப்பிடுவார். ஒரு பெண்ணின் பூனை கீபோர்டில் நடந்துவிட்டுப் போகும், அவள் பூனைக்காரி. அவர்கள் ஏதாவது சொல்வார்கள். ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு இவர் வெடித்துச் சிரிப்பார். ஜோக்கைக்கூட ஆற அமர ருசித்துச் சிரிக்கிறார் பார் என்று நான் இந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மதியம் சாப்பிட வெளியே வருவார். “உங்க தங்கச்சி ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம்” என்பேன். “ம். பாத்துக்கலாம்” என்பார். ஞாயிற்றுக்கிழமை தங்கை வாசலில் வந்து நின்றதும், “அட, சொல்லாம கொள்ளாம வந்திருக்கே!” என்று ஆச்சரியப்படுவார். மகள் போன் செய்தால் தொடாமல் என்னிடம் நீட்டுவார். சமையலறையிலிருந்து கரடியாய்க் கத்தினாலும் பதில் வராது. “செவிடன் காதுல ஊதின சங்கு” என்று நான் முணுமுணுத்துக்கொண்டே பாத்திரத்தை டங்கென்று வைப்பேன். அதற்கும் பதில் இல்லை.

சலித்துவிட்டது. அப்படித்தான் நான் முடிவுக்கு வந்தேன். கோபம் இருந்தால் சண்டையாவது வரும். சலிப்புக்கு என்ன மருந்து?

இந்த நிலையில் ஒரு செவ்வாய்க்கிழமை என் அலுவலக ஜன்னலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. கடைசி வரிசை, பூனைக்காரி. சுவர் வழியாகவே பழகியவர்கள்.

“மேடம், ஹால்ல வகுப்புக்கு வர்ற எங்களுக்கும் சார் வகுப்போட லிங்க் வேணும்” என்றாள் பூனைக்காரி.

“ஹால்ல இருக்கும்போது லிங்க் எதுக்கு?”

“ஹால்ல உக்காந்துக்கிட்டே போன்ல சேந்துக்கறோம் மேடம்.”

“ஹோட்டல்ல உக்காந்துக்கிட்டு பார்சல் கேக்கற மாதிரி இருக்கே. சார் நாலடி தூரத்துல நிக்கறார். வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “போன் வழியா கேட்டா சார் நல்லா பதில் சொல்றார்” என்றாள் அவள்.

“நேர்ல கேட்டா?”

கடைசி வரிசை தரையைப் பார்த்தான். “நேர்ல கேட்டா சார் ஸ்க்ரீனைத்தான் பாத்துக்கிட்டிருப்பார் மேடம். தப்பா சொல்லல.”

“இருபது பேரு, இருபது போன், இருபது சார்ஜர். கரண்ட் மிச்சம் பண்ற பாடத்துக்கு இது நல்லா இருக்கா? பார்சல் எல்லாம் கிடையாது, போங்க” என்று அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டேனே தவிர, அந்தப் பையன் சொன்னது மனதில் முள்ளாய்த் தங்கிவிட்டது. அங்கேயும் அப்படித்தானா? பக்கத்தில் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் தூரத்தில் இருப்பவர்களோடுதான் பேச்சா? அப்படியானால் இந்த மனிதருக்கு ஆட்கள் தூரத்தில் இருந்தால்தான் பிடிக்கிறது. நானோ ஒரு கதவு தூரத்தில் இருக்கிறேன். அது போதவில்லை போலிருக்கிறது.

அடுத்த பருவத்துக்குத் திட்டத்தை மேற்குக் கட்டடத்துக்கும் விரித்திருந்தார்கள். அது திங்கள், செவ்வாய் பூட்டப்படும். என்னைப் போல இரண்டு கட்டடத்திலும் வேலை இருப்பவர்கள், எந்த இரண்டு நாள் வீட்டில் என்று தாங்களே தேர்ந்தெடுக்கலாம். அவருக்குக் கிழக்குக் கட்டடம் மட்டும்தான், அதனால் புதன், வியாழன் மாறாது. வியாழக்கிழமை மாலைக்குள் கணினியில் பதிந்துவிட வேண்டும். புதன், வியாழனை விட்டு விலகினால் அவர் வீட்டில் இருக்கும்போது நான் அலுவலகத்தில், நான் வீட்டில் இருக்கும்போது அவர் அலுவலகத்தில். பல்கலைக்கழகத்துக்கே அட்டவணை போடுகிறவளுக்குத் தெரியாதா, இரண்டு பேரைச் சந்திக்காமல் வைப்பது எவ்வளவு சுலபம் என்று? நாட்களை மாற்றிவிட்டால் அப்புறம் எங்களுக்குள் மிஞ்சுவது இரவுச் சாப்பாடும் ஒரு ‘ம்’மும்தான்.

வியாழக்கிழமை மதியம் ‘திங்கள், செவ்வாய்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். ‘உறுதி செய்’ என்ற பொத்தான்தான் பாக்கி. விரல் போகவில்லை. என்னதான் கோபம் என்றாலும் சொல்லாமல் செய்வது எனக்குப் பிடிக்காது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

உள்ளே சத்தமே இல்லை. வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை. கதவு கிறீச்சென்றதற்குக்கூடத் திரும்பவில்லை.

“என்னங்க” என்றேன். முதுகு அசையவில்லை.

சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று ஆரம்பித்தேன். “அடுத்த டெர்முக்கு நான் வேற நாள் எடுத்துக்கறேன். நீங்க வீட்ல இருக்கிற நாள்ல நான் ஆபீஸ் போயிடறேன். நான் பக்கத்துல இருக்கிறது உங்களுக்குப் பாரமா இருக்கு. ரெண்டு வருஷமா செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குங்க எனக்கு.”

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். வகுப்பு முடியவில்லை. நாற்பது கட்டங்களில் நாற்பது முகங்கள். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலை நிமிர்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் அடியில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. என் பேச்சு. அவர் பெயருக்கு நேராக, அவரே பேசியது போல, ‘நான் பக்கத்துல இருக்கிறது உங்களுக்குப் பாரமா இருக்கு’ என்று எழுதிக்கொண்டு போனது.

அவர் குனிந்து அதைப் படித்தார். விரலை வைத்துப் படித்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகமும், தொலைந்துபோய் வீட்டு ஆளைக் கண்டுவிட்ட குழந்தை முகமும் ஒன்றாக இருந்தால் எப்படியோ, அப்படி.

“எப்ப வந்தே?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்பீக்கரில் கடைசி வரிசையின் குரல் சத்தமாக வந்தது. “சார், மேடம்கிட்ட சொல்லிடுங்க சார்.”

அவர் என்னை விட்டுத் திரைக்குத் திரும்பினார். எழுத்து ஓடி முடியும்வரை காத்திருந்தார். ஒரு மூச்சு நேரம்.

“என்ன சொல்லணும்?” என்றேன். அதுவும் எழுத்தாக ஓடியது. அதையும் படித்தார்.

“எனக்குக் காது கேக்கறதில்லம்மா” என்றார். “இடது காது போய் ரெண்டு வருஷமாச்சு. வலதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. நேர்ல யார் பேசினாலும் ஏதோ சத்தமா கேக்குது, வார்த்தையா வரமாட்டேங்குது. இதுல எழுத்தா ஓடுது பாரு, அதைப் படிச்சுத்தான் வகுப்பு நடத்தறேன்.” பிறகு திரையைப் பார்த்து, “உங்ககிட்டயும் சொல்லியிருக்கணும். ஏமாத்திட்டேன்” என்றார்.

“எங்களுக்கு ரெண்டாவது வாரமே தெரியும் சார்” என்றாள் பூனைக்காரி. “ஹால்ல கேட்டா உங்களுக்குப் புரியலைன்னு தெரிஞ்சுதான் எல்லாரும் போன்ல சேந்துக்கலாம்னு பாத்தோம். எழுத்தா வருமில்ல.”

அவர் அதை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் எழுத்தும் தெரியாது என்பதால் உடனே மாட்டிக்கொண்டார்.

“மேடம்கிட்ட போய்க் கேட்டோம் சார்” என்றான் கடைசி வரிசை. “பார்சல் கிடையாதுன்னுட்டாங்க.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒரு மூச்சு கழித்து இவர் சிரித்தார். எத்தனை புதன், எத்தனை வியாழன் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த ஒரு மூச்சைக் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். “திங்கக்கிழமையிலிருந்து ஹால்ல எல்லாருக்கும் லிங்க் உண்டு” என்று மைக்கைப் பார்த்துச் சொன்னேன். “சார்ஜர் மட்டும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வராதீங்க, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு பகிர்ந்துக்கங்க. உங்க சார் மனசு தாங்காது.”

வகுப்பை முடித்துவிட்டு அவர் திரையை மூடப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். மாணவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். காலியான திரையில் அவர் கட்டம் மட்டும் இருந்தது, அதற்குள் நாங்கள் இருவரும். எழுத்து ஓடுகிற வசதி அப்படியே இருந்தது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். கத்த வேண்டும் போலிருந்தது. குரலை அடக்கிக்கொண்டேன். எப்படியும் எழுத்துக்குக் கோபம் தெரியப் போவதில்லை.

படித்தார்.

“எல்லார் குரலும் தேஞ்சு தேஞ்சுதான் போச்சு. உன் குரல்தான் முதல்ல போச்சு. மெல்லிசுக் குரல் இல்லையா உனக்கு? டாக்டர் சொன்னார், மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும்னு. காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார். பாத்துக்கலாம்னு வந்துட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “சொன்னா நீ கத்திப் பேச ஆரம்பிச்சிடுவே. கத்தினா அது வேற குரல். எனக்கு ஞாபகம் இருக்கிற குரலும் அழிஞ்சு போயிடும்னு பயமா இருந்தது. ஒரே ரூம்ல உக்காந்தா ஒரு மணி நேரத்துல நீ கண்டுபிடிச்சிடுவே. அதான் கதவைச் சாத்திக்கிட்டேன்.”

“ரெண்டு வருஷம்!” என்றேன். “ரெண்டு வருஷமா நான் சொன்னது எதுவும் உங்களுக்குப் போய்ச் சேரலையா?”

“பாதி உதட்டைப் பாத்துக் கண்டுபிடிப்பேன். மீதிக்கு ‘ம்’ போட்டுடுவேன்.”

“தங்கச்சி வந்ததுக்கு முழிச்சீங்களே.”

“அது தப்பான இடத்துல விழுந்த ‘ம்’.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாத்திரத்தை டங்கென்று வைத்தது, சங்கு என்று முணுமுணுத்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, அவை எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம் என்று சொன்னேன். இது கேள்வி இல்லை, அட்டவணையில் ஏறிவிட்டது என்றும் சொன்னேன். எழுத்தாக ஓடியதைப் படித்துவிட்டு நல்ல பையனாகத் தலையாட்டினார்.

பிறகு என் மடிக்கணினியைத் திறந்தேன். ‘திங்கள், செவ்வாய்’ டிக்கை எடுத்துவிட்டு ‘புதன், வியாழன்’ என்று போட்டு, உறுதி செய்தேன். அவர் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் சாப்பாட்டு மேசைக்கு மேலே யாரும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டு வந்தார். இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து தன் நாற்காலிக்கு வலது பக்கம் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். இரண்டு வருடத்துப் பாக்கி. மகள் தன்னோடு வேலை பார்க்கிற பையனைப் பற்றி இழுத்து இழுத்துப் பேசுவது, எனக்கு முழங்கால் வலிப்பது, மாடி வீட்டுக்காரி நாய் வாங்கியது, பால்கனிச் செடி செத்ததும் அதன் தொட்டியில் தானாக இன்னொன்று முளைத்ததும். எழுத்துகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. அவர் ஒன்றுவிடாமல் படித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு கழித்துப் பதில் வந்தது. “முழங்காலா, எப்பத்திலேருந்து?” என்று கேட்டு என் காலைப் பார்த்தார். வெளியே வெயில் சாய்ந்து அறைக்குள் வந்திருந்தது. விளக்கே தேவைப்படவில்லை.

பேச்சு தீர்ந்தபோது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன்.

“உங்களுக்கு எம்மேல சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன்.”

அது வெள்ளை எழுத்தில், அவர் பெயருக்கு நேராக வந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டித் திரையை மூடினார்.

“ஏன்?” என்றேன், வாயை நன்றாகத் திறந்து.

“கரண்ட் வீண்” என்றார் வாட் வாத்தியார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, வலது காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். “இதை எழுத்துல படிக்கக் கூடாது. கத்தாம, மெதுவா சொல்லு. கேக்குதான்னு பாக்கறேன்.”

அவர் காதோரத்து நரைமுடி என் உதட்டில் பட்டது. நான் மெதுவாகச் சொன்னேன். சலித்துவிட்டதா என்று கேட்கவில்லை. வேறொன்று சொன்னேன், கல்யாணமான புதிதில் சொன்னது, அதற்கப்புறம் சொல்லச் சந்தர்ப்பம் வராதது.

ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. இந்த முறை சரியான இடத்தில் விழுந்தது.

“ம்” என்றார்.